மரியாதை தெரிந்த பூதம்

என் வீட்டுக்காரருக்குப் பல் செட் செய்கிற வேலை. டாக்டர் என்று நினைத்துக்கொண்டு யாராவது அவரிடம் வாயைத் திறந்து காட்டினால் நான் பொறுப்பில்லை. டாக்டர் ஆஸ்பத்திரியின் முன்பக்கம் இருப்பார். அவர் அளவெடுத்து அனுப்புவதை வைத்துக்கொண்டு, பின்பக்கத்துச் சின்ன அறையில் பிளாஸ்டரில் அச்சு வார்த்து, மெழுகில் பல்லை ஒவ்வொன்றாக அடுக்கி, தேய்த்து, மெருகேற்றிக் கொடுப்பது இவர். அந்த அறை அலமாரி முழுக்க வெள்ளை அச்சுகள். கல்யாணமான புதிதில் ஒருநாள் சாப்பாடு கொண்டுபோனேன். அத்தனை வாயும் என்னைப் பார்த்து இளித்துக்கொண்டிருந்தன. டிபன் டப்பாவை வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்துவிட்டேன்.

வேலையில் ஆள் மகா கறார். மணல் அளவு மேடு இருந்தாலும் ஈறு புண்ணாகிவிடும், செட் திரும்பி வந்துவிடும். அதனால் விரல் நுனியால் தடவித் தடவிப் பார்ப்பார். அந்தப் பழக்கம் வீட்டிலும் விடாது. நான் கழுவி வைத்த டம்ளரின் விளிம்பைக்கூடத் தடவிப் பார்ப்பார். அதற்கு என்னிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொள்வார்.

இப்படி எல்லாம் சரியாக இருக்க வேண்டும் என்கிற மனுஷர், ஞாயிற்றுக்கிழமை மதியம் ஜன்னல் திரையை இழுத்துவிட்டு என்ன பார்ப்பார் தெரியுமா? உலகத்திலேயே மட்டமான படங்கள். அதிலும் ராக்கெட், வேற்றுக்கிரகம், பூதம் இருந்தால்தான் வேண்டும். ஒரு வீடியோ கடையை மூடியபோது, யாரும் சீந்தாத சிடிக்களை அட்டைப்பெட்டியோடு தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். ராட்சத எறும்பு ஊரை விழுங்குகிற படம் ஒன்று. அந்த எறும்புக்குக் காலில் செருப்பு இருக்கும். இன்னொன்றில் நிலாவில் மனிதன் முதல் அடி எடுத்து வைக்கும்போது பின்னால் ஒரு நாய் போகும். இவர் விழுந்து விழுந்து சிரிப்பார்.

"இதுல என்ன இருக்குன்னு பார்க்கிறீங்க?" என்று ஒருநாள் கேட்டே விட்டேன்.

"நான் வாரம் முழுக்கப் பார்த்துப் பார்த்துச் செய்யறேன். அப்பவும் உறுத்துதுன்னு திரும்பி வருது. அங்க பாரு, ராக்கெட்டுல ஒட்டின டேப் பிஞ்சு தொங்குது. ஆனா அதுலதான் உலகத்தைக் காப்பாத்தப் போறாங்க. ஒருத்தனாவது வெட்கப்படறானா பாரு" என்றார். அவ்வளவு சந்தோஷமாகச் சொல்கிறவரிடம் என்ன சண்டை போடுவது?

பெட்டியிலேயே ராஜா 'சனி கிரகத்துச் சதிகாரன்'. எங்கள் வீட்டில் அதைப் பார்த்த தடவைக்குக் கணக்கில்லை. அதில் பறக்கும் தட்டு என்று ஒன்று வரும். அது குக்கர் மூடி. ரப்பர் வளையத்தைக்கூடக் கழற்றவில்லை. விண்கலத்துக்குள்ளே விசைப்பலகை என்று காட்டுவது வெள்ளிப் பெயின்ட் அடித்த முட்டை அட்டை. கலம் ஆட்டம் காணும்போது கேப்டன் இடப்பக்கம் சாய்வார், துணைக் கேப்டன் வலப்பக்கம் சாய்வார், விஞ்ஞானி நேராக நிற்பார். அவருக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. இதற்கு நடுவில், கேப்டன் கண்கலங்கிப் பேசுகிற காட்சியில், பின்சுவரில் ஒரு பல்லி நிதானமாக ஏறும். பூமியை விட்டுப் பல கோடி மைல் தள்ளி, சனி கிரகத்துக்குப் பக்கத்தில், ஒரு பல்லி.

அந்தப் பல்லிக்கு எங்கள் வீட்டில் ஒரு சட்டம் உண்டு. யார் முதலில் பார்த்து "பல்லி!" என்று கத்துகிறார்களோ அவர்கள் அன்றைக்குச் சாப்பிட்ட தட்டுகளைக் கழுவ வேண்டாம். காலேஜில் படிக்கிற எங்கள் மகள் இதற்காகவே கண் கொட்டாமல் உட்கார்ந்திருப்பாள். நான் இந்தப் படங்களைப் பார்ப்பதே இல்லை. அந்த நேரத்தில் நான் துணி மடிக்கிறேன். துணி மடிக்கிற இடம் டிவிக்கு நேர் எதிரே இருந்தால் அது என் தப்பா? இதுவரை அதிகமாக ஜெயித்தது யார் என்பதும் இங்கே தேவையில்லாத பேச்சு.

பல்லிக்கு அடுத்தபடி எங்களுக்குப் பிடித்தது சதிகாரன்தான். சனி கிரகத்திலிருந்து பூமியை அழிக்க வருகிற பூதம். ஏழடி உயரம், ரப்பர் மூஞ்சி, மெத்தை உறையில் தைத்த உடம்பு, முதுகில் ஜிப். உறுமும்போதெல்லாம் அது ஒரு காரியம் செய்யும். சபையில் கொட்டாவி விடுகிறவர்கள் மாதிரி, கையைத் தூக்கி வாயைப் பொத்திக்கொண்டுதான் உறுமும். ஊரைக் கொளுத்தும்போதும் அப்படித்தான். "மரியாதை தெரிஞ்ச பூதம்" என்று இவர் பெயர் வைத்தார். எங்கள் வீட்டில் யார் தும்மினாலும், ஏப்பம் விட்டாலும் சதிகாரன் மாதிரி கையை வைத்துக்கொள்வோம். கடைசிக் காட்சியில் மட்டும் பூதம் கையைக் கீழே போட்டுவிட்டு வாயை முழுக்கத் திறந்து ஒரு உறுமல் உறுமும். அப்போது ரப்பர் வாய்க்குள்ளே ஒரு மனுஷ வாய் தெரியும். முன்பல் இரண்டும் கால்மேல் கால் போட்டுக்கொண்டு உட்கார்ந்த மாதிரி ஒன்றின் மேல் ஒன்று ஏறியிருக்கும். அதில் ஒன்றுக்கு ஓரத்தில் மூலை உடைந்திருக்கும். இவர் அந்த இடத்தில் படத்தை நிறுத்தி, "என்ன அருமையான கோணல்!" என்று தொழில் பக்தியோடு பார்ப்பார்.

இனிதான் விஷயத்துக்கு வருகிறேன். ஒருநாள் சாயங்காலம் இவர் வேலையிலிருந்து வந்தார். செருப்பைக்கூடக் கழற்றாமல் பையிலிருந்து ஒரு பிளாஸ்டர் அச்சை எடுத்துச் சாப்பாட்டு மேஜையில், உப்பு ஜாடிக்குப் பக்கத்தில் வைத்தார்.

"யாரோட பல்லை எங்கே கொண்டுவந்து வைக்கறீங்க?" என்று நான் ஆரம்பித்தேன்.

"கொஞ்சம் சும்மா இரு. டிவியைப் போடு."

மகள் போட்டாள். கடைசிக் காட்சி. கை கீழே இறங்கியது, வாய் திறந்தது, படம் நின்றது. இவர் அச்சை டிவிக்குப் பக்கத்தில் பிடித்தார். கால்மேல் கால் போட்ட அதே இரண்டு பல். ஓரத்தில் அதே உடைந்த மூலை.

"அப்பா! சதிகாரன் உங்க ஆஸ்பத்திரிக்கு வந்திருக்கானா?" என்று மகள் குதித்தாள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. இவர் மட்டும் சிரிக்கவில்லை. நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார்.

விஷயம் இதுதான். ஒரு பெரியவர் எல்லாப் பல்லும் ஆட்டம் கண்டு ஆஸ்பத்திரிக்கு வந்திருக்கிறார். நெடுநெடுவென்று உயரம். பெரிய கட்டடம் ஒன்றில் லிஃப்ட் ஓட்டி ரிட்டயர் ஆனவர். எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டுப் புது செட் போட வேண்டும். பிடுங்குவதற்கு முன் பழைய பல்லுக்கு எடுத்த அச்சுதான் எங்கள் மேஜையில் இருந்தது. ஆனால் இவர் முகம் தொங்கிப்போனதற்குக் காரணம் பல் இல்லை.

"அச்சைப் பார்த்ததும் முன்பக்கம் போய் எட்டிப் பார்த்தேன். அந்தப் பெரியவர் பேசும்போதெல்லாம் கையால வாயைப் பொத்திக்கிட்டுத்தான் பேசறார். நர்ஸ்கிட்ட பேர் சொல்லும்போதும் அப்படித்தான். பல்லு கோணல்னு வெட்கம். படத்துல வந்தது நடிப்பே இல்ல. ரப்பர் மூஞ்சிக்கு உள்ளேயும் அந்த மனுஷன் பல்லை மறைச்சுக்கிட்டு இருந்திருக்கார். நாம இத்தனை வருஷமா அதைப் பார்த்துத்தான் சிரிச்சிருக்கோம்."

நான் சிரிப்பை அப்படியே முழுங்கினேன். தும்மும்போது நாங்கள் வைத்த கை எல்லாம் ஞாபகம் வந்து உடம்பு கூசியது.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று எங்கள் வீட்டில் இல்லாமல் போனது. பெட்டியைப் பரணில் ஏற்றிவிட்டார். "இனிமே நல்ல படமா பார்ப்போம்" என்று எங்கிருந்தோ பரிசு வாங்கிய படம் ஒன்றைப் போட்டார். அதில் எல்லாமே சரியாக இருந்தது. மூன்று பேரும் தூங்கிவிட்டோம். அடுத்த வாரம் டிவியே போடவில்லை. மனுஷர் வீடு முழுக்கத் தடவிக்கொண்டு திரிந்தார். ஜன்னல் விளிம்பு, கதவுக் கைப்பிடி, என் இட்லித் தட்டு என்று ஒன்றையும் விடவில்லை. எனக்குத் துணி மடிக்கவே பிடிக்கவில்லை. சொல்லவே கூடாது என்று இருந்தேன், சொல்லிவிடுகிறேன்: அந்தப் பாழாய்ப்போன பல்லியைப் பார்க்காமல் எனக்கு என்னவோ போலிருந்தது.

"போய் அவர்கிட்டயே கேளுங்க. வீட்டுக்குக் கூப்பிடுங்க. எத்தனை நாளைக்கு இப்படி மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டு இருப்பீங்க?" என்றேன்.

"நொந்து போயிட்டார்னா?"

"நொந்தா மன்னிப்புக் கேட்டுட்டு வாங்க. இப்ப மட்டும் என்ன வாழுது?"

பல் பிடுங்கி ஈறு ஆறியதும், கடிமானம் பார்க்க மெழுகுக் கட்டை வைக்கிற நாள் வந்தது. இவரையும் டாக்டர் பக்கத்தில் வரச் சொல்லியிருந்தார். டாக்டர் போன் வந்து வெளியே போனதுதான் தாமதம், இவர் கேட்டுவிட்டார். கேட்க நேரம் பார்த்தார் பாருங்கள், பெரியவரின் வாய் நிறைய மெழுகு.

"ஐயா, நீங்க 'சனி கிரகத்துச் சதிகாரன்'ல நடிச்சிருக்கீங்களா?"

பெரியவர் கடித்த கடியில் மெழுகு இரண்டாகப் போனது. துப்பிவிட்டு, கையால் வாயை மூடிக்கொண்டு, "யார் சொன்னா?" என்றார்.

"யாரும் சொல்லல ஐயா. பல்லைப் பார்த்துக் கண்டுபிடிச்சேன்."

"என் பிள்ளைக்கே தெரியாது. உசரமா இருக்கேன்னு கூட்டிட்டுப் போய் அந்த மெத்தைக்குள்ள திணிச்சாங்க. அந்தப் படம் இன்னுமா இருக்கு? எல்லாத்தையும் குப்பையில போட்டிருப்பாங்கன்னு நினைச்சேன்." பிறகு, சின்னக் குரலில், "இன்னொரு தடவை பார்க்க முடியுமா?" என்று கேட்டாராம்.

அந்த ஞாயிறு வருவதாகச் சொன்னார். காலையிலேயே இவர் எங்கள் இருவரையும் நிற்கவைத்து உத்தரவு போட்டார். குக்கர் மூடி வரும், சிரிக்கக் கூடாது. விஞ்ஞானி நேராக நிற்பார், சிரிக்கக் கூடாது. பூதம் வாயைப் பொத்தும், மூச்சுக்கூட விடக் கூடாது. பல்லியைப் பற்றி யாரும் வாயே திறக்கக் கூடாது.

"சிரிக்கிறவங்களுக்கு இன்னைக்கு ராத்திரி சாப்பாடு கிடையாது" என்று நானும் சேர்ந்துகொண்டேன். மகளைப் பார்த்துத்தான் சொன்னேன். அவள்தான் அடக்கத் தெரியாதவள்.

பெரியவர் இஸ்திரி போட்ட சட்டையோடு வந்தார். வாயில் பல் ஒன்றுகூட இல்லை, ஆனாலும் கை வாயை விட்டு இறங்கவில்லை. சோபாவின் நல்ல பக்கத்தில் உட்காரவைத்தோம். படம் ஆரம்பித்தது.

குக்கர் மூடி பறந்தது. நாங்கள் செத்த வீட்டில் உட்கார்ந்திருப்பது போல உட்கார்ந்திருந்தோம். மகள் தலையணை ஓரத்தை வாய்க்குள் திணித்துக்கொண்டாள். நான் தொடையைக் கிள்ளிக்கொண்டேன். இவர் பரீட்சை மேற்பார்வைக்கு வந்தவர் மாதிரி எங்களையே முறைத்துக்கொண்டிருந்தார். கலம் ஆடியது, கேப்டன் அந்தப் பக்கம் சாய்ந்தார், துணைக் கேப்டன் இந்தப் பக்கம் சாய்ந்தார், நாங்கள் அசையவில்லை. பூதம் வந்து வாயைப் பொத்தி உறுமியது. வீட்டில் ஃபேன் சத்தம் மட்டும்தான் கேட்டது.

பெரியவர் கொஞ்சம் கொஞ்சமாகச் சோபாவுக்குள் இறங்கிக்கொண்டே போனார். அந்த உயரமான மனுஷர் எப்படித்தான் அவ்வளவு சின்னதானார் என்று தெரியவில்லை.

"போதும்ப்பா, நிறுத்திடுங்க" என்றார்.

இவர் பதறிவிட்டார். "ஏன் ஐயா? நாங்க எதுவும்..."

"அன்னைக்குத் தியேட்டர்லயும் இப்படித்தான் இருந்தாங்க. நான் கடைசி வரிசையில உட்கார்ந்திருந்தேன். ஒருத்தரும் பயப்படல. சரி, பயப்படலைன்னா சிரிக்கவாவது சிரிப்பாங்கன்னு பார்த்தேன். அதுவும் இல்ல. இடைவேளையில எழுந்து போயிட்டாங்க. நீங்க பாவம், வீட்டை விட்டு எங்க எழுந்து போவீங்க?"

மரியாதை, மரியாதை என்று நாங்கள் செய்தது இதுதானா? இவர் ரிமோட்டைத் தேடினார். ரிமோட் எங்கே போனதோ கிடைக்கவில்லை. படம் பாட்டுக்கு ஓடியது. கேப்டன் கண்கலங்கிப் பேச ஆரம்பித்தார். பின்சுவரில், வலது மூலையில், ஒரு வால் தெரிந்தது.

"பல்லி!"

கத்தியது மகள் இல்லை. நான்தான். துள்ளி எழுந்து, கையை நீட்டி, அடுத்த தெருவுக்குக் கேட்கிற மாதிரி கத்தியிருக்கிறேன். இத்தனை வருஷப் பழக்கம், வாய் என்னைக் கேட்டுக்கொண்டா திறந்தது? மடியில் இருந்த துணி எல்லாம் தரையில் கிடந்தது. இவர் என்னைப் பார்த்த பார்வைக்கு நான் அங்கேயே சாம்பலாகியிருக்க வேண்டும்.

பெரியவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "உங்களுக்குப் பல்லியைத் தெரியுமா?"

நான் என்ன சொல்வேன்? "தெரியும்ங்கய்யா. முதல்ல பார்க்கிறவங்க தட்டு கழுவ வேண்டாம்" என்று உண்மையைச் சொல்லிவிட்டேன்.

அவர் என்னையும் டிவியையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு சொன்னார்: "அந்தக் கேப்டன் வசனத்தை மறந்து மறந்து, திரும்பத் திரும்ப எடுத்தாங்க. ஒவ்வொரு தடவையும் அந்தப் பல்லி சரியா அதே வசனத்துக்கு வந்து அதே இடத்துல ஏறுச்சு. டைரக்டர் வெறுத்துப்போய், 'இந்த செட்டுல வேலை தெரிஞ்ச ஒரே ஆள் அதுதான், விட்டுடுங்க'ன்னுட்டார்."

மகள் வாயிலிருந்த தலையணை தெறித்து விழுந்தது. அவள் ஆரம்பித்தாள், நான் தொடர்ந்தேன், இவர் அடக்கி அடக்கிப் பார்த்து மூக்கு வழியாகச் சிரித்தார். பெரியவர் எங்களை ஒரு நிமிஷம் பார்த்தார். அப்புறம் அவரும் சிரித்தார் பாருங்கள், பல்லில்லாத வாயில் காற்றும் சிரிப்புமாக, கண்ணில் தண்ணீர் வரும்வரை. "அந்த விஞ்ஞானிக்கு ஒரு காது கேட்காது. ஆடுங்கன்னு சொன்னது அவருக்கு விழவே இல்ல" என்றார். படத்தை முதலிலிருந்து போட்டோம். குக்கர் மூடி அவர் வீட்டிலிருந்தே போனதாம். கடைசிவரை திரும்பி வரவில்லையாம். அதற்காக அவர் அம்மா போட்ட சண்டையைச் சொல்லும்போது எனக்கு வயிறு வலித்துவிட்டது.

அப்போதுதான் மகள், யோசிக்காமல் கேட்டாள். "தாத்தா, அந்தப் பூதம் ஏன் வாயைப் பொத்திக்குது?"

இவருக்கு முகம் வெளுத்தது. பெரியவர் சிரிப்பு மாறாமலே, "உள்ள நான் இருந்தேன்ல, அதான்" என்றார். "ரப்பர் மூஞ்சி போட்டிருக்கேங்கறதே மறந்து போயிடும். டைரக்டர் கையை எடு, கையை எடுன்னு கத்துவார். கடைசி நாள் அழாத குறையா கேட்டார். எடுத்தேன்."

"ஐயா, உங்ககிட்ட மறைக்கக் கூடாது. அந்தக் கையைப் பார்த்து நாங்க ரொம்பச் சிரிச்சிருக்கோம்" என்றார் இவர். "ஆனா கடைசியில கையை எடுத்துட்டு ஒரு உறுமல் உறுமுவீங்களே, அதுக்காகத்தான் திரும்பத் திரும்பப் பார்க்கிறோம். சத்தியமா."

கடைசிக் காட்சி வந்ததும் இவர் வழக்கம்போலப் படத்தை நிறுத்தினார். பெரியவர் டிவியில் உறைந்து நின்ற தன் பல்லையே பார்த்துக்கொண்டிருந்தார். கிளம்பும்போது வாசலில் நின்று, "புதுப் பல்லு நேரா வைக்கப் போறீங்களா?" என்று கேட்டார்.

"டாக்டர் அப்படித்தான் எழுதியிருக்கார் ஐயா."

"பழையபடி வைக்க முடியுமா?"

என் வீட்டுக்காரர் வாழ்நாளில் அவ்வளவு உற்சாகமாக வேலை பார்த்து நான் கண்டதில்லை. அச்சைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அந்த இரண்டு பல்லையும் கால்மேல் கால் போடவைத்தார். ஓரத்து மூலையை உடைந்த மாதிரியே தேய்த்தார். டாக்டர் பார்த்துவிட்டு, "காசு கொடுத்துக் கோணல் பல் வாங்கறவரை இப்பத்தான் பார்க்கிறேன்" என்று தலையில் அடித்துக்கொண்டார். பெரியவர் விடாப்பிடியாக நின்றதால் சரி என்றார்.

செட் போடுகிற அன்று எனக்கு ஆஸ்பத்திரியில் ஒரு வேலையும் இல்லை. நான் வேலை பார்க்கிற மருந்துக்கடை எதிரேதான் இருக்கிறது, சும்மா போனேன். கதவு திறந்திருந்தது. டாக்டர் செட்டை மாட்டிவிட்டு, "பிடிமானம் பார்க்கணும். கொஞ்சம் சத்தமா ஏதாவது பேசுங்க" என்றார்.

பெரியவர் என் வீட்டுக்காரரைப் பார்த்தார். இவர் தலையை ஆட்டினார். பெரியவர் மூச்சை இழுத்து, வாயை முழுக்கத் திறந்து, சனி கிரகமே அதிர்கிற மாதிரி ஒரு உறுமல் உறுமினார். நர்ஸ் கையிலிருந்த தட்டு தரையில் விழுந்து உருண்டது. டாக்டர் சுவரோடு ஒட்டிக்கொண்டார். வெளியே காத்திருந்தவர்களில் இரண்டு பேர் எழுந்து ஓடினார்கள், மற்றவர்கள் சிரிக்க ஆரம்பித்தார்கள்.

செட் அசையவில்லை. எல்லோரும் அதைத்தான் பார்த்தார்கள். நானும் இவரும் பார்த்தது வேறு. பெரியவரின் கை இரண்டும் நாற்காலியின் கைப்பிடியிலேயே இருந்தன.